ஏலத்தில் எடுத்த அன்னம்

எங்கோ ஓர் ஏரியில் படகுத்துறையை மூடியபோது
ஏலத்துக்கு வந்தது அந்த அன்னப் படகு.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
லாரி வாடகை தனி.
இரண்டு பேருக்கு மிதி, நடுவில் ஒரு சுக்கான்,
இடது சிறகில் யாரோ ஆணியால் கீறிய
ரேவதி என்கிற பெயர்.

"பள்ளத்தூரில் இதை எங்கே விடப்போறீங்க?"
கேட்காதவர்கள் இல்லை.
"மழை பெய்யும்" என்றார் சாத்தப்பன்,
பேங்க் கவுண்டரில் இருந்தபோது
"நாளைக்கு வாங்க" என்பாரே,
அதே குரலில்.

ஆறு கோடை இரண்டாம் கட்டில் நின்றது அன்னம்.
வற்றல் காய முதுகு,
குடை மாட்டக் கழுத்து.
பூனை இரண்டு ஈடு போட்டது அதன் வயிற்றில்.

ஏழாம் கார்த்திகையில் பெய்தது.
பெய்தது என்றால்,
கலிங்கு பாய்கிற சத்தம்
மிக்சி ஓடும்போதும் கேட்டது.

பதினொரு கண்மாய்.
ஒன்று நிறைந்து அடுத்ததற்கு வழிய,
வாய்க்கால் கோத்த வரிசை.
சர்வே வரைபடத்தை மேசையில் விரித்து
"உன் கழுத்திரு மாதிரி இல்லை?" என்றார்.
லாக்கரில் இருப்பதை
வருசத்துக்கு ஒருமுறை பார்க்கிறவள் நான்.
சீப்புச் சீடை ஒரு தூக்கு, தார்ப்பாய், டார்ச்,
முட்டிக்குத் தடவ ஒரு டப்பா தைலம்.
புறப்பட்டோம்.

மாடு மேய்ந்த இடத்துக்கு மேலே மிதித்தோம்.
பையன்கள் கிரிக்கெட் ஆடும் பிட்ச்
எங்கள் அடியில் எங்கேயோ இருந்தது.
ஸ்டம்பின் நுனி மட்டும் வெளியே,
அதில் ஒரு நீர்க்காகம், அவுட் ஆகாமல்.
கருவேலம் கழுத்தளவில் நின்று முள் நீட்டியது.
கரையில் போன ஆடுகள்
எங்களை முந்திப் போயின.

மூன்றாம் கண்மாயில் மடைக்காரர் இருளாண்டி
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்தார்:
"நாப்பது வருசமா எவ்வளவோ பறவை வருது.
மிதிச்சுக்கிட்டு வந்தது
இது ஒண்ணுதான் ஆச்சி."
கலிங்கைத் தாண்டத் தூக்கிவிட்டார்.
காசு வாங்கவில்லை.
சீடை வாங்கிக்கொண்டார்.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ரோட்டுப் பாலம்.
உடம்பு நுழைந்தது. கழுத்து இடித்தது.
பின்னால் தண்ணீர் தள்ள,
மேலே பஸ் ஒன்று
எங்கள் தலைமேல் கியர் மாற்றிப் போக,
அவர் ஏறிப்போய் பஞ்சர் கடையில்
ரம்பம் இரவல் கேட்டு வந்தார்.
அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.
நான் சிவப்பு அலகைப் பிடித்துக்கொண்டேன்.
பிறகு மூன்று நாள்
அன்னத்தின் தலை என் மடியில்,
எதிர்க்காற்றைப் பார்த்தபடி.

ஆறாம் கண்மாயில் இரவு.
ஃபைபரைத் தண்ணீர் நக்குகிற சத்தம்.
முப்பத்தொரு வருசத்தில்
திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாத ஊருக்கு
இவரோடு நான் போனதே இல்லை.
"பயமா இருக்கா?" என்றார்.
"உங்களுக்கு?"
பதில் வர ஒரு மீன் துள்ளும் நேரமானது.
"இருக்கு."
அதற்கப்புறம் நன்றாகத் தூங்கினோம்.

எட்டாவதுக்குப் போகும் வாய்க்கால்
முதல் குறுக்குத் தெருவில் முடிந்தது.
செம்மண் நிரப்பி, மஞ்சள் கல் நட்டு,
இல்லாத வீடுகளுக்கு விளக்குக் கம்பம்.
தண்ணீர் எங்களுக்கு முன்பே வந்து
ஆர்ச்சுக்கு வெளியே நின்றது,
பத்திரம் கொண்டு வராதவர் மாதிரி.
இரவில் அது ஒரு சாண் வடிய
விடியும்போது சேற்றில் இருந்தோம்.

தூக்க நாலு பேர் வேண்டும்.
"அதுக்குன்னுதான் ஆள் சேர்ப்பாங்கன்னு நினைச்சேன்"
என்று சிரித்தார், இடுப்பளவு சேறோடு.
பிளாட் காவலாளி, பால்காரர்,
டியூஷனுக்குப் போன இரண்டு பையன்கள்.
லோடு ஆட்டோவில் ஏற்றினோம்.
நாலு நாள் தண்ணீரை
இருபத்திரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தோம்.

தலையைக் குடை ஆணியில் மாட்டினார்.
"இன்னும் நாலு கண்மாய் பாக்கி" என்றார்,
வட்டியும் சேர்த்துச் சொல்வது போல.

அன்று ராத்திரி கட்டிலில்
என் கால்கள் தாமாக மிதித்தன.
சும்மா இருங்க என்று சொல்லத் திரும்பினேன்.
அவர் கால்களும்.
போர்வை
கொஞ்சம் நகர்ந்தது.